அமானிதம் காத்த கவிஞர் மெஹ்மத் ஆகிஃப்

ஹிஜ்ரி 1290-ஆம் ஆண்டு, இஸ்தான்பூல் நகரின் ஃபாத்திஹ் பகுதியில் வாழ்ந்த தாஹிர் எஃபெந்தி என்னும் மதரஸா ஆசிரியருக்கு ஓர் ஆண் மகவு பிறந்தது. பிறந்த ஆண்டே குழந்தையின் பெயராக அமைய வேண்டுமென விரும்பிய அந்தத் தந்தை அப்ஜத் கணக்கைக் கையிலெடுத்தார். ரா 200, கைன் 1000, யா 10, ஃபா 80, கூட்டினால் 1290. ஆகவே ‘ரகீஃப்’ என்று பெயரிட்டார். அரபு மொழியில் அச்சொல்லுக்கு ரொட்டி என்பது பொருள். கணக்கில் பிழையில்லை, ஆயினும் அண்டை அயலாரின் நாவில் அப்பெயர் படியவில்லை. ஓசையில் நெருங்கி நின்ற ‘ஆகிஃப்’ என்ற பெயரால் அவர்கள் குழந்தையை அழைக்கலாயினர். பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருப்பவர், பற்றிய ஒன்றை விட்டு அகலாதவர் என்பது அதன் பொருள். தந்தை மட்டும் தம் இறுதிநாள் வரை மகனை ரகீஃப் என்றே அழைத்து வந்தார். தந்தை கணக்கிட்டு வைத்த பெயர் மறைந்து, ஊரார் வாய்க்கு வந்த பெயரே வரலாற்றில் நிலைத்துவிட்டது.

துருக்கியின் தேசிய கீதத்தை யாத்தவர் என்ற அளவில் மெஹ்மத் ஆகிஃப் எர்சோயை உலகம் அறியும். அல்லாமா இக்பாலை நம் இல்லங்களில் அறியாதார் இலர். அவர் காலத்திலேயே, அவரைப் போன்றே சமுதாயத்தின் தாழ்வு கண்டு உள்ளம் வெதும்பிப் பாடிய இத்துருக்கிக் கவிஞரை அறிந்தவரோ நம்மிடையே சிலரே. நாட்டிற்குக் கீதம் தந்தவர், தம் வாழ்வின் பிற்பகுதியில் பத்தாண்டுகளுக்கு மேல் எகிப்தில் கழித்தார். ஆண்டுக்கணக்கில் உழைத்து எழுதிய திருக்குர்ஆன் மொழியாக்கத்தைத் தாம் திரும்பி வராவிடில் தீயிலிட்டுவிடுமாறு நண்பரிடம் சொல்லிச் சென்றார். ஓர் ஆலிம் மகன், ஹாபிழ், கவிஞர் இப்படிச் சொல்வானேன்? அவர் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தாலன்றி இதற்கு விடை காண இயலாது.

தாஹிர் எஃபெந்தி கொசோவாவைச் சேர்ந்த இபேக் என்னும் ஊரினர், குலத்தால் அல்பேனியர். அன்னையார் எமினே ஷெரீஃபே அம்மையாரின் முன்னோர் புகாராவிலிருந்து வந்தவர்கள். 1873-இல் பிறந்த ஆகிஃப், தந்தையிடமே அரபு பயின்றார். பாரசீகமும் பிரெஞ்சும் பின்னர்க் கற்றார். அவருக்கு ஏறத்தாழப் பதினான்கு வயதானபோது, 1888-இல், தந்தை மறைந்தார். சிறிது காலத்திற்குள் அவர்கள் குடியிருந்த வீடும் தீவிபத்தில் அழிந்தது. அரசுப் பணியாளரை உருவாக்கும் கல்லூரியில் பயின்று கொண்டிருந்த இளைஞர், தங்கிப் படிக்க வசதியும் படித்து முடித்ததும் வேலையும் உண்டு என்பதால், புதிதாகத் திறக்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு மாறினார். 1893-இல் அதன் முதல் மாணவராகத் தேறினார். பட்டம் பெற்ற பின்னரே திருக்குர்ஆனை முழுமையாக மனனம் செய்து ஹாபிழானார். வேளாண்மைத் துறையின் கால்நடை மருத்துவராக ருமேலியா, அனத்தோலியா, அரபு நாடு எனப் பல பகுதிகளுக்கும் சென்று நோயுற்ற கால்நடைகளுக்கு மருத்துவம் பார்த்தார். நாட்டுப்புறத்து உழவனின் வறுமையை அவர் ஏட்டில் படித்து அறிந்தவரல்லர்; அவனுடைய தொழுவத்தில் நின்று அறிந்தவர். மற்போரிலும் நீச்சலிலும் வல்லவர். நேய் என்னும் புல்லாங்குழலையும் சிறிது பயின்றார்.

வாக்குத் தவறாமை அவரிடம் ஏறத்தாழ ஒரு பிடிவாதமாகவே இருந்தது. கல்லூரித் தோழர் ஒருவரும் அவரும், தங்களில் ஒருவர் முந்திக்கொண்டால் எஞ்சியவர் மற்றவரின் பிள்ளைகளை வளர்ப்பது என்று உடன்பாடு செய்துகொண்டிருந்தனர். பல்லாண்டுகளுக்குப் பின் அத்தோழர் காலமானார். தம் பிள்ளைகளையே காப்பாற்ற வழியின்றித் திணறிய காலத்திலும் ஆகிஃப், தோழரின் பிள்ளைகளைத் தம் இல்லத்திற்கு அழைத்துக்கொண்டார். வானியல் அறிஞர் ஃபாத்தின் ஹோஜா என்பவரின் இல்லத்திற்குக் குறித்த நாளில் வருவதாக ஒருமுறை கூறியிருந்தாராம். அன்று பெரும்புயல். இக்காற்றில் எவரும் வரமாட்டார் என்றெண்ணிய ஹோஜா அண்டை வீட்டிற்குச் சென்றுவிட்டார். ஆகிஃபோ நனைந்து நடுங்கியவராய்க் குறித்த நேரத்தில் வந்து, வீட்டில் ஆளில்லாதது கண்டு திரும்பிவிட்டார். அதன்பின் ஆறு மாத காலம் அவர் ஹோஜாவுடன் பேசவில்லை என்று நண்பர்கள் எழுதியுள்ளனர். ஹோஜாவின் பக்கமும் நியாயம் உண்டு என்றே நமக்குத் தோன்றும். ஆனால் ஆகிஃபின் கணக்கில், மரணமோ மரணத்திற்கு நிகரானதோ அன்றி வேறெதுவும் வாக்கை மீற ஏதுவாகாது.

1908-இல் அரசியலமைப்பு மீண்டும் நடைமுறைக்கு வந்தபோது, ஒன்றியமும் முன்னேற்றமும் என்ற பெயர் கொண்ட கட்சியில் சேருமாறு அவரை அழைத்தனர். கட்சியின் கட்டளைகள் அனைத்திற்கும் நிபந்தனையின்றிக் கீழ்ப்படிவதாக உறுதிமொழி எடுக்கும்படி கூறப்பட்டது. நல்லவற்றிற்கு மட்டுமே கீழ்ப்படிவேன் என்று அவர் மறுத்தார் என்றும், அவருக்காக உறுதிமொழியின் வாசகமே மாற்றப்பட்டது என்றும் கூறுவர். 1913-இல் தம் துறையின் மேலதிகாரி முறையின்றி நீக்கப்பட்டபோது, அதனைப் பொறாது தம் பதவியையும் துறந்தார். அப்போது அவருக்கு வேறு பெரிய வருவாய் ஏதுமில்லை.

அவருடைய எழுத்து வாழ்வு உண்மையில் 1908-இல்தான் தொடங்குகிறது எனலாம். எஷ்ரெஃப் எதீப் முதலியோர் அவ்வாண்டில் தொடங்கிய ‘ஸிராத்தே முஸ்தகீம்’ என்ற கிழமை இதழில் அவர் கவிதைகளும் கட்டுரைகளும் மொழிபெயர்ப்புகளும் வெளிவரலாயின. அவ்விதழே 1912-இல் ‘ஸபீலுர் ரஷாத்’ எனப் பெயர் மாறியது. எகிப்து அறிஞர் முஹம்மத் அப்துஹு, ஃபரீத் வஜ்தி, அப்துல் அஸீஸ் ஜாவீஷ் ஆகியோரின் எழுத்துகளை அரபியிலிருந்து துருக்கிக்குக் கொண்டு வந்தவர்களுள் அவர் தலையாயவர். சயீத் ஹலீம் பாஷா பிரெஞ்சில் எழுதிய நூலையும் அவர் பெயர்த்துள்ளார்.

கவிதைகள் யாவும் ‘ஸஃபஹாத்’ என்னும் பொதுப்பெயரில் ஏழு நூல்களாக அமைந்தன. முதல் நூல் 1911-இல் வெளிவந்தது. ஏழாம் நூல் 1933-இல். இவற்றின் யாப்பு, கலீல் இப்னு அஹ்மத் வகுத்த அரூள் யாப்பே. நம் மதரஸாக்களில் அரூள் பயின்றோர் அதன் கட்டுக்கோப்பை நன்கறிவர். நெடிலும் குறிலும் நெறி பிறழாது விழ வேண்டும். அரசவைக் கவிஞர்கள் ரோஜாவையும் புல்புலையும் பாடி வந்த அந்த யாப்பிற்குள், தெருவில் கூலியாட்கள் பேசும் பேச்சையும் காப்பிக்கடை வம்பையும் ஒரு சொல்லும் பிசகாது கொண்டு வந்து அமைத்தவர் ஆகிஃப். அவருடைய கலையின் தனிப்பெருமை இதுவே என்பது என் கருத்து. அவரை வெறும் அறிவுரைக் கவிஞர் என்று ஒதுக்குவோர் இதனைக் கவனிப்பதில்லை.

சான்றாக, முதல் நூலில் ‘கூஃபே’ என்றொரு கவிதை. சுமை தூக்குவோர் முதுகில் கட்டும் பெரிய கூடைக்கு அப்பெயர். சுமைகூலித் தந்தை இறந்துவிட்டார். விட்டுச் சென்ற சொத்து அந்தக் கூடை ஒன்றே. பதின்மூன்று வயதுச் சிறுவன், தந்தையின் உயிரைக் குடித்தது இதுதான் என்று அதனைக் காலால் உதைக்கிறான். தாய் தடுக்கிறாள், அதை வைத்துத்தான் இனி அவன் வீட்டைக் காக்க வேண்டும். பின்னொரு நாள் கவிஞர் அவனைக் காண்கிறார். முதுகில் அதே கூடை. எதிரே அவன் வயதொத்த மாணவர்கள் கூட்டமாகப் பள்ளியிலிருந்து வருகின்றனர். அவ்வளவுதான் கவிதை. ‘ஸெய்ஃபி பாபா’ என்ற மற்றொன்றில், நோயுற்ற ஏழை முதியவரைக் காண இரவில் சேற்றில் நடந்து செல்கிறார், விடியும்வரை உடனிருந்து, புறப்படும்போது ஏதேனும் கொடுக்கலாமெனப் பையைத் துழாவுகிறார், பையில் காசில்லை. ஈயாமையை இகழ்ந்து பாடிய கவிஞர் பலர் உண்டு. ஈய விரும்பியும் இல்லாதவன் படும் நாணத்தைப் பாடியவர் மிகச் சிலர்.

இரண்டாம் நூலான ‘ஸுலைமானிய்யா மிம்பரில்’ வேறு வகையினது. பள்ளிவாசலில் ஒருவர் பயான் செய்கிறார். அந்தப் பயானே காவியமாக விரிகிறது. பயான் செய்பவராக வருபவர் கற்பனை மாந்தரல்லர். ரஷ்யத் தார்த்தாரியரான அப்துர் ரஷீத் இப்ராஹீம் என்னும் பெரும் பயணி. ரஷ்யா, துருக்கிஸ்தான், சீனா, ஜப்பான், இந்தியா என முஸ்லிம்கள் வாழும் நாடுகளை நேரில் கண்டு வந்தவர். இவரே பின்னாளில் டோக்கியோ நகரில் 1938-இல் திறக்கப்பட்ட பள்ளிவாசலின் இமாமாகி, 1944-இல் அந்நகரிலேயே மறைந்தார். அவர் வாயிலாக ஆகிஃப் அறிவின்மையையும் சோம்பலையும் பிரிவினையையும் சாடுகிறார். சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் ஆட்சியையும் அவர் பல கவிதைகளில் மிகக் கடுமையாகத் தாக்கியுள்ளார். சுல்தானைப் பெரிதும் மதிக்கும் நம் பெரியோர் சிலர்க்கு இது கசக்கக்கூடும். ஒற்றர்களின் ஆட்சியில் இளமையைக் கழித்தவர் அதனைப் புகழ்ந்திருக்க வேண்டுமென எதிர்பார்ப்பதும் முறையன்று. அவர் சொற்கள் சில இடங்களில் அளவு கடந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1912-இல் பால்கன் போர் மூண்டது. தந்தையின் ஊரான இபேக்கும் உஸ்மானியர் கையை விட்டு நீங்கிற்று. குலப்பெருமை பேசிச் சமுதாயம் சிதறியதே இவ்வீழ்ச்சிக்குக் காரணம் எனக் கண்ட ஆகிஃப், தாமே அல்பேனியக் குலத்தவர் என்பதை வெளிப்படக் கூறி, அல்பேனியர் கிளர்ச்சியைக் கண்டித்தார். 1913-இல் வந்த ‘ஹக்கின் குரல்கள்’ நூலில் பெரும்பாலான கவிதைகளுக்குத் தலைப்பாகத் திருவசனம் அல்லது ஹதீஸ் ஒன்று நிற்க, அதன் விரிவாகவே கவிதை அமைகிறது. பிற்காலத்தில் திருக்குர்ஆனை மொழிபெயர்க்க ஏற்றவர் இவரே என அறிஞர்கள் கருதியதற்கு வித்து இந்நூலில் உள்ளது.

முதல் உலகப்போரின் தொடக்கத்தில் அரசு அவரை பெர்லினுக்கு அனுப்பியது. பிரிட்டிஷ், பிரெஞ்சு, ரஷ்யப் படைகளில் சேர்க்கப்பட்டுச் சிறைப்பட்ட முஸ்லிம் வீரர்களுக்கெனத் தனி முகாம்கள் அந்நகருக்கருகில் இருந்தன. பிறைமதி முகாம் என்று பெயர் பெற்ற ஒன்றில் நம் இந்தியத் துணைக்கண்டத்து வீரர்களும் இருந்தனர். அயலவர் கொடியின் கீழ் நின்று கிலாபத்தின் படையை எதிர்க்க நேர்ந்த முஸ்லிம்களின் நிலை கவிஞரின் உள்ளத்தை வருத்திற்று. 1915-இல் அரபு நாட்டிற்கு அனுப்பப்பட்டார். பாலைவன வழியில் ஒரு புகைவண்டி நிலையத்தில் இருந்தபோதுதான் சனக்கலே வெற்றிச் செய்தி அவரை எட்டியது. அப்போர்க்களத்தை அவர் கண்ணால் கண்டதேயில்லை. ஆயினும் அங்கு உயிர் நீத்த ஷஹீதுகளைப் பற்றி அவர் பாடிய பகுதியே துருக்கியில் இன்றளவும் மக்கள் மனப்பாடமாகச் சொல்லும் கவிதையாக விளங்குகிறது.

அப்பகுதி ‘ஆஸிம்’ என்னும் ஆறாம் நூலில் உள்ளது. 1924-இல் நூலாக வந்த இதில் ஆஸிம் என்ற இளைஞனைக் கவிஞர் படைத்துக் காட்டுகிறார். ஒழுக்கமும் உடல் வலிமையும் நிறைந்த அவன், தீமை எங்கு கண்டாலும் கைவலிமையால் நீக்கிவிடத் துடிக்கிறான். அவனுக்குக் கவிஞர் சொல்லும் அறிவுரை, அடிதடியை விட்டு பெர்லின் சென்று விஞ்ஞானம் கற்று வா என்பதே. தீனைத் துறந்தால்தான் முன்னேற்றம் என்றுரைத்தவர்களோடும் அவர் வாதிட்டார். விஞ்ஞானம் தீனுக்குப் பகை என்று சொன்னவர்களோடும் வாதிட்டார். இரு சாராரும் அவரை முழுமையாகத் தம்மவர் என ஏற்றுக்கொள்ளவில்லை.

போரில் உஸ்மானியப் பேரரசு தோற்றது. இஸ்தான்பூலை நேசநாட்டுப் படைகள் பிடித்துக்கொண்டன. அனத்தோலியாவில் விடுதலைப் போர் எழுந்தது. அப்போராட்டத்திற்கு ஆதரவாக பாலிகெசீர் பள்ளிவாசலில் ஆகிஃப் உரையாற்றினார். அதன் பயனாக, இஸ்தான்பூலில் அவர் வகித்துவந்த பதவி பறிபோயிற்று. 1920 ஏப்ரலில் அங்காராவை அடைந்தார். புர்துர் தொகுதியின் உறுப்பினராகத் தேசிய மன்றத்தில் அமர்ந்தார். அவ்வாண்டு நவம்பரில் கஸ்தமோனு நகரின் நஸ்ருல்லாஹ் பள்ளிவாசலில் அவர் நிகழ்த்திய உரை, செவ்ர் உடன்படிக்கை இந்நாட்டை எவ்வாறு கூறு போடுகிறது என்பதை எளிய மக்களுக்கு விளக்கிற்று. அது அச்சிடப்பெற்றுப் போர்முனைகளில் வீரர்களுக்கு வழங்கப்பட்டது. இதே ஆண்டுகளில்தான் இந்திய முஸ்லிம்கள் கிலாபத் இயக்கம் நடத்தி, அங்காராவிற்கு நிதி திரட்டி அனுப்பினர் என்பதை நம் மூத்த தலைமுறையினர் சொல்லக் கேட்டிருப்போம்.

தேசிய கீதத்தின் வரலாறு பலரும் அறிந்ததே; ஆயினும் ஒரு செய்திக்காக அதனை இங்கே கூறவேண்டியுள்ளது. கீதத்திற்காக நடத்தப்பட்ட போட்டிக்கு 724 பாடல்கள் வந்தன. வெற்றி பெறுவோருக்கு 500 லிரா பரிசு என்று அறிவிக்கப்பட்டிருந்தது. பரிசுப் பணம் உண்டு என்ற ஒரே காரணத்தால் ஆகிஃப் போட்டியில் கலந்துகொள்ளவில்லை. வந்த பாடல்களில் நிறைவு காணாத கல்வி அமைச்சர் ஹம்துல்லாஹ் சுப்ஹி, 1921 பிப்ரவரி 5-ஆம் நாள் அவருக்குத் தனியே மடல் எழுதினார்; பரிசு பற்றிய தயக்கத்தை நீக்க வழி காணலாம் என்று வேண்டினார். அதன் பின்னரே, தாம் தங்கியிருந்த தாஜுத்தீன் தர்காவில் இருந்தவாறு ஆகிஃப் பத்துப் பகுதிகள் கொண்ட அக்கீதத்தை எழுதினார். படைவீரர்களுக்கே அதனை உரித்தாக்கினார். மார்ச் 1-ஆம் நாள் அமைச்சரே மன்றத்தில் அதனைப் படித்தார். 12-ஆம் நாள் தேசிய கீதமாக ஏற்கப்பட்டது. போர் இன்னும் முடிந்திருக்கவில்லை. கிரேக்கப் படை அனத்தோலியாவின் உள்ளே நின்ற காலம் அது.

500 லிராவை அவர், ஏழைப் பெண்களுக்கும் சிறார்க்கும் தொழில் கற்பித்த தாருல் மஸாயீ என்னும் நிறுவனத்திற்கு அளித்துவிட்டார். அங்காராவின் கடுங்குளிரில் அவரிடம் மேலங்கி இல்லை. வேண்டும்போது நண்பரொருவரின் மேலங்கியை இரவல் வாங்கி அணிவார். பரிசை வாங்கியிருந்தால் ஒரு மேலங்கியாவது வாங்கியிருக்கலாமே என்று அந்நண்பர் சொல்லப்போக, கவிஞர் வெகுண்டு இரண்டு மாதங்கள் அவரோடு பேசவில்லையாம். அந்தக் கீதத்தைத் தம் ‘ஸஃபஹாத்’ நூல்களில் அவர் சேர்க்கவுமில்லை. அது தம்முடையதன்று, மக்களுடையது என்பதே அவர் கூறிய காரணம். கொடுத்ததைத் திரும்ப எண்ணிப் பார்க்காத இவ்வியல்பை வாசகர் நினைவில் கொள்க. திருக்குர்ஆன் மொழியாக்கத்தின் கதைக்கு இது வேண்டும்.

வெற்றிக்குப் பின் வந்த துருக்கி, அவர் கனவு கண்ட துருக்கியாக அமையவில்லை. 1923-இல் கூடிய இரண்டாம் மன்றத்தில் அவருக்கு இடமில்லை. 1924 மார்ச் 3-ஆம் நாள் கிலாபத் ஒழிக்கப்பட்டது; 1925-இல் ‘ஸபீலுர் ரஷாத்’ மூடப்பட்டது. எகிப்தைச் சேர்ந்த அப்பாஸ் ஹலீம் பாஷாவின் அழைப்பின்பேரில் 1923 முதல் குளிர்காலத்தை அந்நாட்டில் கழித்து வந்த கவிஞர், 1925-இன் இறுதிக்குப் பின் கெய்ரோவை அடுத்த ஹில்வானிலேயே தங்கிவிட்டார். கெய்ரோப் பல்கலைக்கழகத்தில் துருக்கி மொழி கற்பித்தார். ‘ஸஃபஹாத்’தின் ஏழாம் நூலான ‘நிழல்கள்’ 1933-இல் கெய்ரோவில் அரபு எழுத்தில் அச்சாயிற்று. துருக்கியிலோ 1928-இலேயே எழுத்து மாறிவிட்டிருந்தது. அவர் நூலை அவர் நாட்டுப் பள்ளிச் சிறுவன் எழுத்துக்கூட்டியும் படிக்க முடியாத நிலை.

இங்கேதான் இக்பாலின் ‘பயாமே மஷ்ரிக்’ அவர் கைக்கு வந்தது. பாரசீகத்தில் எழுதப்பட்ட அந்நூலை அவர் வியந்து படித்தார். தம்மோடு அவரை ஒப்பிட்டு நண்பர்களுக்கு எழுதினார். எகிப்திய அறிஞர் அப்துல் வஹ்ஹாப் அஸ்ஸாம் இக்பாலை அறிந்தது ஆகிஃபின் வாயிலாகவே. அதே அஸ்ஸாம் பின்னாளில் இக்பாலின் நூல்களை அரபியில் பெயர்த்து அரபுலகிற்கு அறிமுகம் செய்தார். லாகூர்க் கவிஞரை அரபுலகிற்கு எட்டச் செய்த வழி, ஹில்வானில் ஒதுங்கி வாழ்ந்த ஒரு துருக்கியரின் வழியாகச் சென்றிருக்கிறது.

இனி மொழியாக்கத்தின் செய்திக்கு வருவோம். 1925-இல் துருக்கியின் மன்றம், திருக்குர்ஆனுக்குத் துருக்கி மொழியில் விளக்கவுரையும் மொழியாக்கமும் செய்விக்க நிதி ஒதுக்கியது. மார்க்க விவகாரத் துறையினர் விளக்கவுரையை எல்மாலியைச் சேர்ந்த ஹம்தி யாஸிர் அவர்களிடமும், மொழியாக்கத்தை ஆகிஃபிடமும் ஒப்படைத்தனர். ஆகிஃப் எளிதில் இசையவில்லை. அத்துறையின் அஹ்மத் ஹம்தி அக்ஸெகி போன்றோர் பலகாலும் வற்புறுத்திய பின்னரே ஏற்றார். ஏற்றபோதும் ஒன்றை வலியுறுத்தினார்: இது ‘தர்ஜமா’ எனப்படலாகாது, ‘மஆல்’ எனப்பட வேண்டும். அரபு அறிந்தோர்க்கு இவ்வேறுபாடு விளங்கும். தர்ஜமா என்பது ஒரு மொழியின் சொல்லிருந்த இடத்தில் இன்னொரு மொழியின் சொல்லை நிறுத்துவது. மஆல் என்பதோ திரும்பிச் சேருமிடம். தஃவீல் பிறந்த அதே வேரில் பிறந்த சொல். மூலம் மூலமாகவே நிற்க, அதன் கருத்துச் சென்று சேருமிடத்தை மட்டும் காட்டுவது மஆல்.

ஹில்வானில் ஆண்டுகள் பல அவர் இதில் ஆழ்ந்தார். எழுதுவார், திருத்துவார், மீண்டும் எழுதுவார். முழுமையும் எழுதி முடித்த பின்னும் நிறைவு பெறவில்லை. இதனிடையே துருக்கியிலிருந்து வந்த செய்திகள் அவரைக் கலக்கின. 1926-லேயே இஸ்தான்பூலின் கோஸ்தெபே பள்ளிவாசலில் ஓர் இமாம் துருக்கி மொழியில் ஓதித் தொழுகை நடத்தினார். அப்போது அவர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். 1932 ரமளானிலோ நிலைமை மாறிவிட்டது. பள்ளிவாசல்களில் திருக்குர்ஆனின் துருக்கி மொழியாக்கம் அரசின் ஆதரவோடே ஓதப்பட்டது. பாங்கும் துருக்கி மொழியில் சொல்லப்பட்டது. (பாங்கு மீண்டும் அரபியில் ஒலித்தது 1950 ஜூனில்.)

தொழுகையில் வேற்றுமொழியில் ஓதுவதற்குச் சான்றாக அங்கே எடுத்துக்காட்டப்பட்டது இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் ஒரு கூற்று. பாரசீகத்தில் ஓதுவது கூடும் என்று இமாமவர்கள் முதலில் கருதினார்கள். பின்னர் அதிலிருந்து மீண்டு, அரபியில் ஓத இயலாதவருக்கு மட்டுமே அது கூடும் என்ற தம் மாணாக்கர் இருவரின் கருத்தை ஏற்றார்கள் என்பது ஹனஃபி நூல்களில் காணப்படும் செய்தி. முதற்பாதியை எடுத்துக்கொண்டு பிற்பாதியை விட்டுவிடுவது எந்நாட்டிலும் நடப்பதே. ஷாஃபி மத்ஹபில் இதற்கு இடமே இல்லை. துருக்கிக் கவிஞர் ஸியா கோகல்ப், பாங்கும் மறையும் துருக்கி மொழியில் ஒலிக்கும் நாட்டை முன்பே கனவு கண்டு பாடியிருந்தார். சென்னை முஸ்லிம் சங்கத்தின் வேண்டுகோளின்படி இக்பால் ஆயத்தம் செய்து, சென்னை, ஹைதராபாத், அலிகர் நகர்களில் நிகழ்த்திய புகழ்பெற்ற சொற்பொழிவுகளில் அப்பாடலையும் ஆய்ந்துள்ளார். இக்கருத்திற்குக் கடும் மறுப்புகள் உண்டென்று கூறிய இக்பால், இப்னு தூமர்த் முன்பே பெர்பர் மொழியில் இவ்வாறு செய்வித்தார் என்பதையும் நினைவூட்டுகிறார். ஆகவே இச்சிக்கல் துருக்கியோடு நின்றதன்று. நம் மாநிலத்திலிருந்து எழுந்த ஒரு வேண்டுகோளின் பயனான நூலிலும் அது பேசப்பட்டது.

ஆகிஃபுக்கு இது ஆராய்ச்சிப் பொருளாக இருக்கவில்லை. தொழுகையில் அரபு மூலத்தின் இடத்தில் நிறுத்த அரசுக்கு ஒரு நல்ல மொழியாக்கம் தேவைப்பட்டது. அது அவர் மேசை மீது இருந்தது. மற்றவர் செய்தவை நடைநயமின்றி இருந்தமையால் மக்கள் உள்ளத்தில் ஒட்டவில்லை. தம்முடையது ஒட்டிவிடும் என்பதை அறிந்தே அவர் அஞ்சினார். ஒப்பந்தத்தை முறித்தார், முன்பணமாகப் பெற்றதைத் திருப்பிக் கொடுத்தார். மொழியாக்கப் பொறுப்பையும் ஹம்தி யாஸிரே ஏற்று முடித்தார். தம் எழுத்தில் நிறைவு காணாததே உண்மைக் காரணம் என்று கூறும் ஆய்வாளரும் உளர். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் நிறைவின்மை மட்டுமே காரணமாயின் திருத்திக்கொண்டிருப்பாரேயன்றித் தீயை நினைத்திருக்க மாட்டார்.

1936-இல் ஈரல் நோயால் நலிந்து, தாயகத்தில் கண்மூட விரும்பி இஸ்தான்பூலுக்குப் புறப்பட்டார். புறப்படும் முன் கையெழுத்துப்படியைத் தம் நண்பர் யோஸ்கத் இஹ்ஸான் எஃபெந்தியிடம் ஒப்படைத்தார். நான் திரும்பி வந்தால் சேர்ந்து திருத்துவோம். இறந்துவிட்டால் இதனை எரித்துவிடுங்கள் என்பது அவர் வைத்த வஸிய்யத்தின் கருத்து. அவர் திரும்பவில்லை. நோய்ப்படுக்கையில் தேசிய கீதத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அத்தகைய கீதமொன்றை மறுபடியும் எழுத நேரும் நிலையை இந்நாட்டிற்கு அல்லாஹ் தராதிருப்பானாக என்று துஆ செய்தார் என்பர். டிசம்பர் 27-ஆம் நாள் பெயோக்லு பகுதியிலுள்ள மிஸிர் அடுக்ககத்தில் வஃபாத்தானார். மறுநாள் பாயஸீத் பள்ளிவாசலுக்கு ஜனாஸா வந்தபோது அரசின் சார்பில் எச்சடங்கும் இல்லை. சந்தூக்கின் மீது ஒரு துணியும் இல்லை. இன்னாருடைய ஜனாஸா என்பதறிந்த பல்கலைக்கழக மாணவர்கள் திரண்டு, கொடியைக் கொண்டு வந்து போர்த்தி, எதிர்னேகபி அடக்கத்தலம் வரை தோளிலேயே சுமந்து சென்றனர். அவருக்குக் கல்லறை எழுப்பியவர்களும் மாணவர்களே. பிற்காலத்தில் அரசு அவர் உருவத்தை 100 லிரா நாணயத்தாளில் பொறித்தது. மார்ச் 12-ஆம் நாளை அவர் நினைவு நாளாகச் சட்டம் செய்தது 2007-இல்.

இஹ்ஸான் எஃபெந்தி இருபத்தைந்து ஆண்டுகள் அந்தப் படியைப் பாதுகாத்தார். கேட்டவர் பலர்க்கும் கொடுக்க மறுத்தார். தாமே எரிக்கவும் மனம் வரவில்லை. 1961-இல் அவர் காலமானார். பின்னர் அவருடைய மகனும், பழைய ஷைகுல் இஸ்லாம் முஸ்தபா ஸப்ரி எஃபெந்தியின் மகன் இப்ராஹீம் ஸப்ரியும் இருக்க, கெய்ரோவில் அது எரிக்கப்பட்டது. அம்மகனே பின்னாளில் இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் பொதுச் செயலாளராக விளங்கிய எக்மலுத்தீன் இஹ்ஸானோக்லு. அன்று அவர் பதினெட்டு வயதினர்.

எரித்தது முறையா? துருக்கியில் இன்றும் இவ்வினா எழுகிறது. வஸிய்யத் செய்தவர் நூலின் உரிமையாளர். ஏற்றவர் அமானிதம் ஏற்றவர். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. எனினும் ஹுக்மு அதன் காரணத்தோடு சுழலும் என்பது உஸூல் நூலோர் வகுத்த விதி. காரணம் நீங்கினால் ஹுக்மும் நீங்கும். 1950-இல் பாங்கு அரபிக்குத் திரும்பியபோதே, ஆகிஃப் அஞ்சியதன் வேர் பெருமளவு அறுந்துவிட்டது. 1961-இல் அதனை அச்சிட்டிருந்தால் மக்கள் ஓதியிருக்க மாட்டார்கள், படித்திருப்பார்கள். மறுபுறத்தில், ஆட்சிகள் மாறும், அச்சம் மீளும் என்று வாரிசுகள் எண்ணியிருந்தால் அதனையும் பிழையென்று சொல்ல இயலாது. புயலில் நனைந்து வந்தவரின் வாக்கிற்கு அவர்கள் புயலிலும் நின்றார்கள்.

ஆயினும் அத்தனையும் சாம்பலாகிவிடவில்லை. கெய்ரோவில் கல்வி பயின்ற முஸ்தபா ருன்யுன் என்பவர் ஒரு பகுதியைப் படியெடுத்து வைத்திருந்தார். அது 2012-இல் இஸ்தான்பூலில் அச்சேறியது. அல்ஃபாத்திஹாவில் தொடங்கும் அந்நூல் ஒன்பதாவது அத்தியாயமாகிய அத்தவ்பாவின் இறுதியோடு நின்றுவிடுகிறது.